சின்னவன் மாட்டிய கழுத்து

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் வாயில் மூன்று உருண்டைப் பஞ்சு இருந்தது. எச்சில் உறிஞ்சும் குழாய் ஒன்று உதட்டோரம் தொங்கிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, நன்றாக மரத்துப்போகட்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றவில்லை.

"தங்கச்சி, ஒரு விஷயம். ரொம்ப நாளா மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு," என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

இருபது நிமிடம் சொன்னார். பதிலுக்கு நான் இரண்டு தடவை "ங்ஆ" என்றேன். முதலாவது கேள்வி. இரண்டாவது அதிர்ச்சி. அவர் இரண்டையும் வலி என்று எடுத்துக்கொண்டு இன்னொரு ஊசி போட்டார்.

கடைசியில் பஞ்சை எடுத்துவிட்டு, "நான் சொன்னேன்னு சின்னவன்கிட்ட சொல்லிடாதீங்க," என்றார். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். எழுதுவதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

2

கதையைத் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. அலுவலகத்துக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. இருபத்தாறு வருடமாக எல்லாப் பதிலையும் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்றே தொடங்கியிருக்கிறேன். ஆகவே நான் முயன்று பார்த்த தொடக்கங்களை மறைக்காமல் தருகிறேன்.

'மேற்படி கிதாரின் கழுத்து முறிந்தது தொடர்பாக' (வேண்டாம். அடுத்த வரியில் தேதி கேட்கும்.)

'வானம் கறுத்திருந்தது. சின்னவனின் மனமும்' (சின்னவனின் மனம் கறுத்து நான் பார்த்ததில்லை. வானத்தைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை.)

'ஒரு வீட்டில் ஓர் அண்ணனும் ஒரு தம்பியும் ஒரு கிதாரும் இருந்தார்கள். இப்போது தம்பியும் கிதாரும்'

இதை முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

சரி, ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் என்பவர் என் கணவர். போய்ப் பதினைந்து மாதம் ஆகிறது. தம்பி என் கொழுந்தன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். நாற்பத்து மூன்று வயதிலும் வீட்டில் அவன் பெயர் சின்னவன்தான். டாக்டர் என் கணவரின் குழுவில் டிரம்ஸ் அடித்தவர். குழுவில் மொத்தம் மூன்று பேர்.*

அப்புறம் நான். கதையில் நான் 'அண்ணி' என்று வருவேன், அதுவும் கடைசியில்தான். நடந்ததெல்லாம் நான் ஊரில் இல்லாத பதினான்கு நாட்களில். அதனால் சின்னவனின் தலைக்குள் புகுந்துதான் இதை எழுத வேண்டியிருக்கிறது. அவன் தலைக்குள் நிறைய இடம் இருக்கிறது. சிரமம் ஒன்றுமில்லை.

* மூன்றாமவர் கீபோர்டு வாசித்தார். இந்தக் கதையில் அவருக்கு வேலையில்லை. அவர் வருத்தப்பட மாட்டார். குழுவிலும் அவர் சத்தம் யாருக்கும் கேட்டதில்லை.

3

அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டபோது சின்னவனிடம் சாவியைக் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். பிறகு ஹால் சுவரைக் காட்டி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"அதை மட்டும் தொடாதே."

அது என்பது சுவரில் கொக்கியில் தொங்கிய மின் கிதார். அண்ணன் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அவர் கடைசியாக மாட்டிவிட்டுப் போன மாதிரியே அது தொங்கியது. அண்ணி அதன் தூசியைக்கூடத் துடைப்பதில்லை. அந்தத் தூசியிலும் ஏதோ இருக்கிறது என்று அவள் நினைத்ததாகச் சின்னவன் நினைத்தான். (சரியாகத்தான் நினைத்திருக்கிறான். இதை டாக்டர் சொல்லவில்லை, நானே போட்டேன்.)

சின்னவன் மூன்று நாள் செடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினான். நாலாம் நாள் கிதாரின் தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை கண்ணில் பட்டது. தொடக்கூடாது என்பது அவனுக்கு நினைவிருந்தது. அதனால் துடைப்பத்தை எடுத்தான்.

பின்னால் டாக்டரிடம் அவன் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: "நான் தொடவே இல்லண்ணே. துடைப்பம்தான் தொட்டுச்சு."

கிதார் கொக்கியை விட்டு நழுவி, சோபாவின் கைப்பிடியில் பட்டு, தரையில் விழுந்தது. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுத்து மட்டும் தலைக்குக் கீழே பிளந்து, தலை தனியாகக் கம்பிகளில் தொங்கியது. சிலந்தி வலை அப்படியே இருந்தது.

4

நெக் என்று கிதார்க்காரர்கள் சொல்வதைத்தான் நான் கழுத்து என்கிறேன். விரல் ஓடும் நீண்ட மரம். இந்த வகைக் கிதாரில் நாலே நாலு திருகுதான் அதை உடம்போடு பிடித்திருக்கும். கழற்றி வேறொன்று மாட்டலாம். இதைச் சின்னவன் அன்றைக்கு மதியமே இணையத்தில் தெரிந்துகொண்டான். நல்ல கழுத்து வர ஆறு வாரம் ஆகும். இருப்பதிலேயே மலிவான கழுத்து ஒன்பது நாளில் வரும். அண்ணி வரப் பத்து நாள் இருந்தது.

மலிவுக் கழுத்தை வாங்கியவர்கள் இரண்டே பேர் கருத்து எழுதியிருந்தார்கள். ஒருவர் 'பரவாயில்லை' என்றிருந்தார். இன்னொருவர் 'படத்தில் இருப்பது போலவே நீளமாக இருக்கிறது' என்றிருந்தார்.

வாங்கும் இடத்தில் ஒரு கேள்வி வந்தது. வலது கையா, இடது கையா?

இங்கே கதையை நிறுத்தி எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் கணவர் இடது கைக்காரர். சின்ன வயதில் யாரோ அவர் கையைக் கட்டி வலது கைக்கு மாற்றப் பார்த்ததில், அவர் அம்மாவுக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. அன்று முதல் அவருக்காக எதை வாங்கினாலும் கடையில் "இடது கைக்கு இருக்கா?" என்று கேட்பது குடும்பத்தில் சட்டம். கத்தரிக்கோலுக்குக் கேட்டோம், இருந்தது. கரண்டிக்குக் கேட்டோம். ஒருமுறை குடைக்குக் கேட்டுவிட்டு, கடைக்காரர் முகத்தைப் பார்த்து நானும் சின்னவனும் ஓடி வந்திருக்கிறோம்.

சின்னவன் ஒரு கணமும் யோசிக்காமல் 'இடது கை' என்பதை அழுத்தினான். மூன்று தடவை சரிபார்த்தான். மூக்குக்கண்ணாடிக்காரன், எதையும் மூன்று தடவை பார்ப்பான்.

அவன் மறந்தது இதைத்தான்: இடது கை கிதார் கிடைக்காமல், அவர் வாங்கியது சாதாரண வலது கை கிதார். அதைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி, இருபது வருடம் அப்படியே வாசித்தார். அண்ணன் இடது கை. கிதார் வலது கை.

5

ஞாயிற்றுக்கிழமை காலை, விடுமுறை நாளில், டாக்டர் தன் மருத்துவமனையைத் திறந்தார். கிதாரைப் பல் நாற்காலியில் மல்லாக்கப் படுக்கவைத்து, விளக்கை இழுத்து மேலே வைத்து, பழக்கத்தில் அதன் மேல் ஒரு நீலத் துணியையும் கட்டினார்.

"வலிச்சா இடது கையத் தூக்குங்க," என்றார்.

"அண்ணே, விளையாடாதீங்க. நாளைக்குக் காலைல அண்ணி வந்துடுவாங்க."

"டேய் தம்பி, நானும் பயந்துபோய்த்தான் பேசுறேன்."

இரண்டு பேருமே கையில் சுத்தமான வேலைக்காரர்கள். சிக்கல் என்னவென்றால், சின்னவனிடம் இருந்த மிகப் பெரிய திருப்புளி மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பிக்கானது. டாக்டரிடம் இருந்த மிகப் பெரிய துளைக்கருவி கடைவாய்ப் பல்லுக்கானது. பழைய கழுத்தின் நாலு திருகைக் கழற்றவே பக்கத்து மிதிவண்டிக் கடைக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் வந்து, நாற்காலியைப் பார்த்து, எதுவும் கேட்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

புதுக் கழுத்து உடம்பின் குழிக்குள் போகவில்லை.

"ஞானப் பல் கேஸ்," என்றார் டாக்டர். "இடம் இருக்கு, இறங்க மனசில்ல."

அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்த்தார்கள். வைத்துப் பார்த்தார்கள். தேய்த்தார்கள். மூன்றாம் தடவை கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்துவிட்டது. இப்போது கழுத்து குழிக்குள் போய் லேசாக ஆடியது. டாக்டர் தன் முகவரி அட்டையை வெட்டி ஓரத்தில் செருகினார். (அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. கிதாருக்குப் பல் வலி வந்தால் யாரைப் பார்ப்பது என்று அதற்குத் தெரியும்.)

கழுத்தில் திருகுக்கு ஓட்டையே இல்லை. உடம்பில் இருந்த பழைய ஓட்டைகள் வழியாக ஊசியால் குறி வைத்து, கடைவாய்ப் பல் துளைக்கும் கருவியால் நாலு ஓட்டை போட்டார் டாக்டர். கருவி பழக்கதோஷத்தில் தண்ணீர் பீய்ச்சியது. சின்னவன் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் பார்த்து, கன்னம் வீங்கிய ஒருவர் கதவைத் திறந்தார்.

"டாக்டர், இன்னைக்கு லீவுன்னு தெரியும், ஆனா தாங்க முடியல." நாற்காலியைப் பார்த்தார். "எனக்கு முன்னாடி ஆள் இருக்கா?"

"இப்ப முடிஞ்சிடும், உக்காருங்க."

"என்ன பண்றீங்க?"

"கழுத்து மாத்துறோம்."

அவர் நீலத் துணியையும் துளைக்கருவியையும் பார்த்தார். "இல்ல, இப்ப கொஞ்சம் பரவால்ல மாதிரி இருக்கு," என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

கழுத்தில் குறுக்கே பதித்த கம்பித் துண்டுகளின் முனைகள் மீன்முள் மாதிரி நீட்டிக்கொண்டு இருந்தன. மலிவு. இதில்தான் டாக்டர் தன் முழுத் திறமையையும் காட்டினார். இருபத்திரண்டு குறுக்குக் கம்பிகளின் நாற்பத்து நாலு முனைகளையும், பல் செட்டை உரசும் சின்ன அரத்தால், ஒவ்வொன்றாக மழுக்கினார். கடைசியில் வாய்க்குள் விடும் கண்ணாடியால் ஓரமெல்லாம் பார்த்து, "சாயங்காலம் வரைக்கும் சூடா எதுவும் சாப்பிடக்கூடாது," என்றார்.

பிறகு புள்ளிகள்.

கழுத்தின் ஓரத்தில், வாசிப்பவர் குனிந்து பார்த்தால் தெரிவதற்காக, இத்தனாவது குறுக்குக் கம்பி என்று காட்டும் சின்னப் புள்ளிகள் இருக்கும். கிதாரைத் தலைகீழாகத் திருப்பி வாசித்ததால் என் கணவருக்கு அவை தரையைப் பார்த்தன. அதனால் கல்யாணமான புதிதில், அலுவலகத்து ஒயிட்னரால் மேல் ஓரத்தில் நான் புள்ளி வைத்துக் கொடுத்தேன். ஏழாவது குறுக்குக் கம்பிக்கு வைக்க வேண்டியதை எட்டாவதற்கு வைத்துவிட்டேன். அவர் திருத்தவில்லை. ஒவ்வொரு கச்சேரியிலும் அந்த இடத்தில் ஒரு அபஸ்வரம் வரும். அவர் டிரம்ஸைத் திரும்பி முறைப்பார்.

"இந்தா பாரு," என்றார் டாக்டர். "இதுல மேல் ஓரத்திலேயே கறுப்புப் புள்ளி இருக்கு. ஏன் இந்தப் பக்கம் வச்சிருக்கான்?"

"கம்பெனிக்காரன் இப்பத்தான் திருந்தியிருக்கான் போல," என்றான் சின்னவன்.

இரண்டு படித்தவர்கள். இடது கைக்காரருக்கென்று செய்த கழுத்தில் புள்ளி அந்தப் பக்கம்தான் இருக்கும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அண்ணியின் வெள்ளைப் புள்ளிதான் இருக்க வேண்டும் என்பது மட்டும் உறைத்தது. டாக்டர் கறுப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தோண்டி, சொத்தைப் பல் அடைக்கும் சிமெண்டை மரத்தின் நிறத்துக்குக் குழைத்து அடைத்தார். அதன் மேல் சின்னவன் பழைய கழுத்தைப் பார்த்துப் பார்த்து ஒயிட்னர் வைத்தான்.

"எட்டாவதுல வைக்கிறியே. ஏழுடா அது."

"பழசுல எட்டுல இருக்குண்ணே."

டாக்டர் பழைய கழுத்தை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார் என்று அவரே சொன்னார். "இருபது வருஷமா என்னைய முறைச்சானே, படுபாவி," என்றார்.

கம்பிகள் கட்டினார்கள். டாக்டர் ஒரு தடவை மீட்டினார். "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டான் சின்னவன்.

"எனக்கென்னடா தெரியும். அவன் வாசிச்சா எனக்கு எப்பவும் இப்படித்தான் கேக்கும்."

6

சாயங்காலம் நாலு மணிக்குக் கிதாரைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினார்கள். இரண்டடி பின்னால் வந்து பார்த்தார்கள். டாக்டர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மறுபக்கம் சாய்த்தார்.

"தம்பி, இந்த முறுக்காணியெல்லாம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

தலையில் கம்பியை முறுக்கும் ஆறு ஆணிகளும் வரிசையாக வாசல் பக்கம் பார்த்தன. பழைய கழுத்தில் அவை புத்தக அலமாரிப் பக்கம் பார்த்தவை. தலையே திரும்பியிருந்தது. வகிடு மாறியவர் மாதிரி.

நாள் முழுக்கப் புள்ளிக்குச் சிமெண்ட் குழைத்த இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள்.

அவருக்கென்று அமைந்த கழுத்து, அவர் போன பிறகு வந்து சேர்ந்தது. இந்த வாக்கியம் இங்கே வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்துவிட்டது. மேலே போகிறேன்.

"சொல்லிடலாம்டா," என்றார் டாக்டர்.

"அண்ணி கேட்டது ஒண்ணே ஒண்ணுண்ணே. எத்தனை வருஷமா எனக்குச் சோறு போட்டிருக்காங்க, ஒண்ணு கேட்டாங்க." சின்னவன் சுவரையே பார்த்தான். பிறகு, மூக்குக்கண்ணாடிக்காரனின் மூளை வேலை செய்தது. "முறுக்காணி அலமாரிப் பக்கம் பாக்கணும். அவ்வளவுதானே?"

"ஆமா."

"அலமாரியை இந்தப் பக்கம் கொண்டுவந்துட்டா?"

டாக்டருக்கு இது அறிவார்ந்த யோசனையாகப் பட்டதாம். அதை அவர் என்னிடம் சொன்னபோதுதான் இரண்டாவது "ங்ஆ" வந்தது.

அலமாரி இடமிருந்து வலம் போனது. அலமாரி போனதால் சோபா வந்தது. சோபா வந்ததால் தொலைக்காட்சி போனது. கடிகாரம், படம், அண்ணன் உட்காரும் சாய்வு நாற்காலி, எல்லாம் பக்கம் மாறின. கிதாரை ஏமாற்ற முடியாததால் மொத்த ஹாலையும் திருப்பி வைத்தார்கள்.

7

[அடித்தது: அண்ணி உள்ளே காலடி வைத்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருடம் பார்த்த கிதார் அல்லவா.]

அப்படித்தான் முதலில் எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. பொய்.

திங்கட்கிழமை காலை வாசலில் சின்னவன் நின்றான். கை முழுக்க வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"அண்ணி, ஹாலைக் கொஞ்சம் மாத்தி வச்சேன்."

"ஏன்ப்பா?"

"சும்மா. ஒரு மாறுதலுக்கு."

நான் பார்த்தது கிதாரை அல்ல, சாய்வு நாற்காலியை. அது வழக்கமான மூலையில் இல்லை. காலி நாற்காலியை அந்த மூலையில் பார்க்க இவனுக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது, பாவம், என்று நினைத்தேன். எனக்கும் தாங்காமல்தான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். "நல்லா இருக்கு," என்றேன். அவன் அழுதுவிட்டான். ஏன் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

கிதார் எனக்கு வித்தியாசமாகவே தெரியவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது.

அவன் மனம் நோகக்கூடாது என்று பதினோரு மாதமாக அந்த ஹாலில் குடியிருக்கிறேன். மின்விசிறி சுவிட்ச் அலமாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. இரண்டு தடித்த நாவல்களுக்கு நடுவே கையை விட்டுத்தான் போட வேண்டும். சோபா ஜன்னலை மறைக்கிறது. என் வலது முழங்காலில் மேசை இடித்த தழும்பு இருக்கிறது. ஞாயிறுதோறும் அவன் சாப்பிட வரும்போது, "இப்படி இருக்கறதுதான் வசதி," என்று நானும், "ஆமாண்ணி," என்று அவனும் சொல்லிக்கொள்கிறோம்.

8

டாக்டர் சொன்னதில் ஒன்றை இன்னும் சொல்லவில்லை.

"பழைய கழுத்தைத் தூக்கிப் போடச் சொன்னேன், தங்கச்சி. கேக்கல. கடையில கண்ணாடிக் கூடு அடுக்குற இழுப்பறையில, அடியில துணி சுத்தி வச்சிருக்கான். பின்பக்கம் வார்னிஷ் போயிருக்கு இல்ல, கட்டைவிரல் பட்டுப் பட்டு. அதைத் தூக்கிப் போட முடியலைங்கறான்."

எனக்கு அது வேண்டும். கிதார் வேண்டியதில்லை, அது தொங்கட்டும். அவர் விரல் தேய்த்த அந்த மரம் வேண்டும். கேட்டால், சின்னவன் பதினோரு மாதமாகக் கட்டிக் காத்தது உடையும். அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிடுவான். என் வீட்டுக்கு வருகிற ஆள் அவன் ஒருவன்தான்.

முடிவு அ: ஞாயிறு சாப்பாட்டுக்கு நடுவே, "அந்தக் கழுத்தைக் கொடு," என்று கேட்கிறேன். அவனுக்குப் புரையேறுகிறது. (இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.)

முடிவு ஆ: கண் சரியில்லை என்று அவன் கடைக்குப் போகிறேன். அவன் எழுத்து அட்டையைக் காட்டும்போது இழுப்பறையைத் திறந்து கழுத்தைத் திருடிக்கொண்டு வருகிறேன். (அது இரண்டடி நீளம். என் கைப்பை சின்னது.)

முடிவு இ: எதுவும் கேட்பதில்லை. சுவிட்சை நாவல்களுக்கு நடுவே தேடிக்கொண்டே மீதி நாளைக் கழிக்கிறேன். (இதுதான் நடக்கும் என்று தோன்றியது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.)

இதுவரை உங்களோடு பேசினேன். பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. இனி இதை ஒரே ஒருவன் படித்தால் போதும். நாளை அவன் சாப்பிட்டுக் கிளம்பும்போது இந்தத் தாள்களைக் கொடுத்து, வீட்டில் போய்ப் படி என்று சொல்லப்போகிறேன். நீங்கள் சற்று அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

சின்னவா, இவ்வளவு தூரம் படிச்சிட்டல்ல. டாக்டர் மேல கோவப்படாதே, பாவம் அவர். கடைசித் தாளை எழுதாமத்தான் விட்டிருக்கேன். அண்ணி திட்டினாங்க, அழுதாங்க, சிரிச்சாங்க, உனக்கு எது சரியா வருதோ அதை நீயே எழுதிக்கோ. நான் எதையும் திருத்த மாட்டேன். ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை அதை எடுத்துட்டு வந்துடு, உடைஞ்ச தலையையும் சேர்த்து. டாக்டரையும் கூட்டிட்டு வா. அலமாரி ரொம்பக் கனம்.